பிக்கப் வண்டிக்குப் புது எலும்பு

நான் அப்போதே சொன்னேனா இல்லையா அக்கா! என் பழைய பிக்கப் வண்டியின் அடிச்சட்டம் துருவிலேயே போய்ச் சேரும் என்று போன வருடமே கணித்தவன் உன் தம்பி. சொல்ல மறந்தேனே, உனக்கும் அத்தானுக்கும் வணக்கம். முட்டிவலி தேவலையா?

சுத்தியலால் ஒரு தட்டுத்தான் தட்டினேன், சட்டம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வண்டி இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை. பழைய இரும்புக் கடையில் நல்ல சட்டம் ஒன்று வாங்கி, வீட்டுக்குப் பின்னாலேயே மாற்றிவிட்டேன். கம்பெனிக்காரனே வந்து என்னிடம் கற்றுக்கொள்ளலாம்.

உனக்கு வாக்குக் கொடுத்தபடி தனியாகச் செய்யவில்லை. என் அறையில் இருக்கும் கொத்தனாரும் பெயின்டரும் வண்டியின் மேல்கூட்டைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் எழுந்தது, மறுபக்கம் அசையவில்லை. குனிந்து பார்த்தால், மேல்கூட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேண்ட்பிரேக் கம்பியை நான் கழற்றவே இல்லை!

"என்ன இன்ஜினியரே, கட்டிப்போட்டுட்டுத் தூக்கச் சொல்றீங்களா?" என்று கொத்தனார் சிரித்த சிரிப்பில் தெருநாய் எல்லாம் குரைத்தது.

கிரீஸ் துடைக்க உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. இங்கேயும் துணி கிடைக்கும், இருந்தாலும் அனுப்பு. உன் சின்ன மகளை எனக்கு நாலு வரி எழுதச் சொல். வேலைக்கு நேரமாகிறது.

உன் தம்பி

உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. வண்டி ஓடுவது நிஜம். கொத்தனாரும் பெயின்டரும் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் ரொம்ப நாளாகிறது. ஜாக்கி வைத்து, கட்டை அடுக்கி, மூலை மூலையாக ஒற்றை ஆளாகத்தான் தூக்கினேன். கம்பி மாட்டிக்கொண்டபோது சிரித்ததும் நான் மட்டும்தான் அக்கா.