ஒரு துளிப் பசை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் நலமாக இருப்பது உங்கள் கடிதத்தின் துள்ளலிலேயே தெரிந்தது. மகளுக்குச் சளி விட்டுவிட்டது. சலவை இயந்திரம்தான் இன்னும் ஆட்டம் போடுகிறது. பழுது பார்ப்பவர் "நாளைக்கு வரேம்மா" என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார்.

உங்கள் பக்கத்து மேசைப் பெண்ணைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என்னை விசாரித்தது ஒரே வரி. அவள் பொறுமைசாலி, கை நடுங்காது, சாப்பாட்டை மறந்து நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறாள்... படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. உங்களோடு சிரித்துப் பேசுவாளோ என்று இல்லை. அதற்கெல்லாம் நீங்கள் லாயக்கில்லை என்று எனக்குத் தெரியாதா? அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை நினைத்துத்தான் எரிந்தது.

அவள் இப்போது செய்கிற, மிளகைவிடச் சிறிய அந்த எரிபொருள் உருண்டையை முதலில் செய்தது நாம் இருவரும்தானே? உள்ளே ஹைட்ரஜனை உறைய வைத்து, எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் லேசரால் நசுக்கினால் சூரியனுக்குள் நடப்பது நம் கண்முன் நடக்கும், ஒருநாள் ஊருக்கெல்லாம் அதில் விளக்கெரியும் என்று கல்யாணத்துக்கு முன்பே வாய் ஓயாமல் பேசியவர் நீங்கள். அந்தப் பெரிய ஆய்வுக்கூடம் அழைத்தபோது, "முதல்ல நான் போறேன், குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் நீ வா" என்றீர்கள். குழந்தை இப்போது தனியாகப் பள்ளிக்கு நடந்து போகிறாள்.

லேசர் பாய்ச்சிய மூன்று முறையும் உருண்டை கோணலாகவே நசுங்கியதாம். எரிபொருள் ஏற்றும் மயிரிழைக் குழாயை ஒட்டிய இடத்தில் பசை கூடிவிட்டதாம். பசைதான் கெட்டி என்கிறாளாம் அவள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! மனம் நிறையச் சிரித்தேன். அப்புறம்தான் உங்கள் கடைசிப் பத்தியைப் படித்தேன். உதிர்ந்த கண்ணிமை மயிரின் நுனியால் பசையைத் தொட்டு வைக்கும் என் பக்குவத்தை நான் எழுதி அனுப்ப வேண்டுமாம், நீங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுப்பீர்களாம்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். பசை எந்தப் பதத்தில் தொட வேண்டும் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அது என் விரலுக்குத் தெரியும், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், போங்கள்.

அடுத்த முறையும் வீணானால் திட்டத்தையே மூடிவிடுவார்கள் என்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன். உங்கள் மேலதிகாரியிடம் போய், பக்குவம் தெரிந்தவளே வருகிறாள் என்று சொல்லுங்கள். மகளுக்கு அங்கே ஒரு பள்ளி பாருங்கள். அந்தப் பெண்ணை எழுப்ப வேண்டாம், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டால் போதும்.

உங்கள் உழைப்பு பலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியவள் நான். ஆனால் என் கை படாமல் அந்த உருண்டை சூரியனாய் எரிந்துவிடக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாவத்தை இனியும் என்னைச் செய்ய வைக்காதீர்கள். கூப்பிடுங்கள்.

பெட்டி கட்டக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி