அந்தக் காலேஜ் வேண்டாம், ஆரிப்

சாரம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முஹம்மது ஆரிபுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் உன் தங்கச்சி லமீஸும் அல்லாஹ் கிருபையில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஷார்ஜா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அழுதுகொண்டிருப்பேன். எதிர் வீட்டு ஸாகிப் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூட எலுமிச்சங்காய் ஊறுகாயும் இருக்கிறது, ரூமில் எல்லோருக்கும் கொடு. அத்தாவின் கயிற்றுக்கடையில் வியாபாரம் பரவாயில்லை, பெரிய மார்க்கெட்டில் இப்போது கால் வைக்க இடமில்லை, அவருக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் அந்தப் பிரைவேட் சினிமா காலேஜில் டைரக்‌ஷன் படிக்க சீட் கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கே நான் இனிப்புக்குத் தம்ரூட் செய்து தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுத்தேன், என் பிள்ளையின் திறமைக்குக் கிடைத்தது என்று வாய் ஓயாமல் பேசினேன். அது என் புத்தி கெட்ட வேலை. எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, உனக்குச் சொல்லாமல் லமீஸைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்தக் காலேஜைப் பார்த்துவிட்டு வந்தேன். வழவழவென்று தரை, சில்லென்று ஏசி, உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். அட்மிஷன் பார்க்கிற பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள், பேச்சோடு பேச்சாக லமீஸைப் பார்த்து, பாப்பா என்ன பண்ணுது, அதுக்கும் இங்கயே ஒரு சீட் போட்டுடலாமே ஆன்ட்டி என்றாள். பி.காம் படிக்கிற பிள்ளை, சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கும் சீட். திறமைக்குக் கிடைத்தது என்று பன்னிரண்டு வீட்டில் சொல்லிக் கொடுத்த தம்ரூட் எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தது.

அப்புறம் கேமராக்களைக் காட்டினாள். எல்லாம் கண்ணாடி பீரோவில் வரிசையாக, பூட்டிச் சாவி போட்டு இருந்தது. நம் தட்டாஞ்சாவடி தையல் யூனிட்டில் ஊசி நோட்டு இருக்கிறது உனக்குத் தெரியும்தானே, மெஷினில் ஊசி உடைந்தால் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி டேப் போட்டு நோட்டில் ஒட்டிப் பெயர் எழுதினால்தான் நான் புது ஊசி கொடுப்பேன், ஒரு துண்டு யூனிபார்மில் தங்கினாலும் பள்ளிக்கூடப் பிள்ளையைக் குத்திவிடும். இருபது வருஷமாக அந்த நோட்டைப் பார்க்கிறவள் நான். புதிதாக வந்த பொண்ணு முதல் வாரம் எட்டு ஊசி உடைப்பாள், மாசம் போகப்போக ரெண்டு ஒன்று என்று குறையும். வந்த நாளிலிருந்து ஒன்றுகூட உடைக்கவில்லை என்றால் அவள் மெஷினில் உட்காரவே இல்லை என்று அர்த்தம். அந்த ஞாபகத்தில், பசங்க இதுல எதையாவது உடைச்சிருக்காங்களாம்மா என்று கேட்டேன். அந்தப் பெண் பெருமையாக, நாலு வருஷமா ஒரு கீறல் விழல ஆன்ட்டி, அவ்ளோ பத்திரமா வெச்சிருக்கோம் என்றாள். லமீஸ் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

வெளியே வந்து நேராக நீ போன வருஷம் இண்டர்வியூவில் தவறவிட்ட கவர்மெண்ட் சினிமா காலேஜுக்கு ஆட்டோ பிடித்தேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, எதிர் டீக்கடையில் நின்றோம். சுடர்விழி என்று ஒரு பொண்ணு, விழுப்புரத்துக்காரி, ரெண்டாம் வருஷமாம், நான் விஷயத்தைச் சொன்னதும் அவளே கூட்டிக்கொண்டு போனாள். பொய் சொல்லக் கூடாது, ஹாஸ்டல் பாத்ரூம் பக்கம் போக முடியவில்லை, ஒரு பாடத்துக்கு ரெண்டு மாசமாக வாத்தியார் இல்லையாம். ஆனால் அந்தப் பொண்ணு இதுவரை ஆறு படம் எடுத்திருக்கிறாள், அதுல நாலு குப்பைம்மா, பார்க்க முடியாது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்கிறாள். கேமரா வைக்கிற அறையில் ராமலிங்கம் என்று ஒருவர், நாலு விரல் தடிமனில் ஒரு ரிஜிஸ்டர் வைத்திருக்கிறார், எதை யார் உடைத்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. கடல்ல கொண்டுபோய் லென்ஸ்ல மண்ண அடிச்சிட்டு வருவானுங்க, நல்லா திட்டுவேன், மறுநாள் கேட்டா குடுத்துடுவேன், இல்லன்னா எப்படி கத்துக்குவானுங்க என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே நான் செய்ததைச் சொல்கிறேன், கோபப்பட்டால் படு. பிரைவேட் காலேஜ் விண்ணப்பத்தில் கார்டியன் என்று என் கையெழுத்துதான் இருக்கிறது, என் பிள்ளை வரவில்லை என்று திங்கட்கிழமையே எழுதி அனுப்பிவிட்டேன். கைக்கு வந்த சீட்டை விடுகிறாயே என்று அத்தா ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை, போன வருஷம் தோற்றுவிட்டு நீ பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது அவர் மனதை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் அவராகவே, இண்டர்வியூ என்னைக்கு என்று கேட்டார். இருபத்தி நாலாம் தேதி, கவர்மெண்ட் காலேஜுக்கு உன் பேரில் நானே விண்ணப்பம் போட்டுவிட்டேன். நீ வருகிறாய். கேட்ட கேள்விக்கு வாய் வரவில்லை, மறுபடியும் போய் நிற்கமாட்டேன் என்று சொன்னாயே, வாய் வராவிட்டால் போகிறது, உன் ரூமில் பதினோரு பேர் ஒரே குக்கருக்குக் காத்திருப்பதைப் போனில் எடுத்து அனுப்பினாயே, அதைக் காட்டு, பாட்டு கீட்டு சேர்க்காதே. அதைப் பார்த்துவிட்டு அத்தா அன்றைக்குச் சோறு போதும் என்று எழுந்துவிட்டார். இந்த முறையும் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷமும் போவாய், அதுவரை யூனிட்டில் என்னோடு உட்கார்ந்து கட்டிங் பார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இதற்காகத்தான் கடிதமே. போன வருஷம் நீ இண்டர்வியூவுக்குள் போன நேரம் நான் இங்கே தொழுத முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து, யா அல்லாஹ், இவனுக்கு இது கிடைக்கக் கூடாது, சினிமா நமக்கு வேண்டாம், ஒரு நல்ல வேலைக்குப் போகட்டும் என்று கையேந்தி அழுதேன். கிடைக்கவில்லை என்று நீ போன் செய்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து வந்த பத்து நாளும் உன் கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அப்படியே திருப்பி எடுத்துப் போனவளும் நான்தான். என்னை மன்னித்துவிடு கண்ணு. நீ தோற்கவில்லை, உனக்கு எதிராக உன் தாயே கேட்டாள். இந்த வருஷம் அதே கையை ஏந்தி, கொடு என்று கேட்கிறேன், தினம் ஐந்து வேளையும் கேட்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் அஞ்சாத மனதையும் தரட்டும். டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினல் உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா, நாளைக்கே மேனேஜரிடம் லீவு கேள்.

உனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்
உன் அம்மா
ஜஹபர் நிஷா