நான் வாசிக்காத பக்கம்

1997 கார்த்திகை, வெள்ளி இரவு

வேலையால வர, பக்கத்து வீட்டு மணியம் அண்ணையின்ர மனுசி பரிமளம் அக்கா வாசலில நிண்டா. கையில அண்ணை காசு போட்ட தங்கச் சுரங்கக் கொம்பனியின்ர புறொஸ்பெக்ரஸ்.

சனத்திட்ட இருந்து பங்குக்குக் காசு வாங்க முதல், அந்தக் காசு எப்பிடியெல்லாம் போகலாம் எண்டதையும் கொம்பனி எழுதிக் குடுக்கவேணும். அதுக்குத்தான் அந்தப் புத்தகம். போன வருசம் அண்ணை அதை என்னட்டத் தந்து, "உனக்குத்தானே இங்கிலீஷ் தெரியும், பார்த்துச் சொல்லு" எண்டவர். நான் முதல் இரண்டு பக்கத்தைப் பார்த்திட்டு, "நல்ல கொம்பனி, போடுங்கோ" எண்டன். இங்க கனடாவில, பிறம்ரன் கிடங்கில பெட்டி தூக்கிச் சேர்த்த காசு முழுதையும் போட்டார். போன கிழமை கொம்பனியை இழுத்து மூடியாச்சு.

அக்கா இப்ப இங்கிலீஷ் வகுப்புக்குப் போறா. அகராதியை வைச்சு வாசிச்சு, ஒன்பதாம் பக்கத்தில கோடு போட்டிருந்தா.

"தங்கம் இருக்கிறது நிச்சயமில்லை, போட்ட காசு முழுக்கப் போகலாம் எண்டு கிடக்கு. இதை நீர் வாசிச்சனீரோ தம்பி?"

"இல்லை அக்கா."

அக்கா புத்தகத்தை மூடினா. பிறகு, "அவருக்கு நான் சொல்லேல்லை. அவருக்கு உம்மை விட்டால் இங்க வேற ஆர்?" எண்டிட்டுப் போயிட்டா.

நாளைக்கு அண்ணை வருவார். கொம்பனிக்காரர் மறைச்சுப்போட்டாங்கள் எண்டு திட்டுவார். அவங்கள் எல்லாத்தையும் எழுதித்தான் தந்தவங்கள் எண்டு அவருக்கு நான் எந்த வாயால சொல்ல?