இன்ஜினுக்கு எண்ணெய் வைத்தவர்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளி விட்டு வரும்போது சிக்னலில் கார் பானெட் இடுக்கிலிருந்து புகை. பக்கத்து ஸ்கூட்டர்காரர் கண்ணாடியைத் தட்டி, "மேடம், என்னமோ தீயுது" என்றார். ஓரங்கட்டித் திறந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக ஓட்டுகிறேன், அந்த மூடிக்கு அடியில் தலையை விட்டதில்லை. அது என் வீட்டுக்காரரின் ராஜ்யம். ராஜ்யத்தின் லட்சணம் இன்றைக்குத் தெரிந்தது. விரல் கனத்துக்குக் கருப்புக் களிம்பு. அதில் ஒட்டிக்கொண்டு காய்ந்த இலை, கொசு, ஒரு பேனா மூடி.

மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக்கூட உள்ளே விடவில்லை. "எங்கேயோ ஆயில் கசியுதும்மா. சூடான குழாய் மேல விழுந்து புகையுது. இந்த அழுக்குக்குள்ள எங்கேர்ந்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுத்தம் பண்ணி எடுத்துட்டு வாங்க. இப்படியே தூரமா ஓட்டிடாதீங்க, தீப்பிடிச்சாலும் பிடிச்சிடும்."

நீங்களே சுத்தம் செய்யுங்கள் என்றதற்கு வாசலில் நின்ற வண்டிகளைக் காட்டினார். அடுத்த வாரக் கடைசியாகுமாம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை தங்கையை மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள். மூன்று மணி நேரப் பயணம். வாடகைக்கு ஒரு வண்டி பிடிக்கட்டுமா என்று போனில் கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம்க்கா. உடம்புல குழாய் தொங்குது. முன்னப்பின்ன தெரியாத ஆளு முன்னாடி எப்படி உக்காந்து வர்றது? நீயே வந்துடு." மார்பில் கட்டி எடுத்த இடத்தில் இன்னும் நீர் வடிகிறது. என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். புகையைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

மர்மம் ஒன்று துலங்கியது. இவருக்கு வழுக்கை விழுந்து வெகு காலமாகிறது. ஆனால் குளியலறையில் தலைக்கு வைக்கிற எண்ணெய் மட்டும் பாட்டில் பாட்டிலாகத் தீரும். நானும் நப்பாசை என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு வண்டியின் லட்சணத்தைச் சொல்லித் திட்டினேன். கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு (மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறிய வீரத்தின் பலன்) ரோஷத்தோடு சொல்கிறார்: "நான் கவனிக்காமலா? ஞாயித்துக்கிழமை தவறாம ரப்பர் குழாய்க்கெல்லாம் எண்ணெய் தடவுறேன். எவ்வளவு மினுமினுன்னு இருக்கும்!"

மினுமினுப்பாம். அந்தப் பிசுக்கில்தான் ஊர்ப் புழுதி முழுக்க வந்து குடியேறியிருக்கிறது. ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. இன்ஜினுக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவிவிடாததுதான் பாக்கி.

மார்ச் 7, வெள்ளி

கடையில் கிரீஸ் கரைக்கும் திரவம், கையுறை, இரண்டு பிரஷ் வாங்கினேன். நானே செய்யப் போகிறேன் என்றதும் சிரித்தார். சிரிக்கட்டும். காலில் கட்டு இருக்கிறதே தவிர வாயில் இல்லை.

மார்ச் 8, சனி

எழுதுகிற அழுத்தத்தில் தாள் கிழிகிறது. கோபத்தில்தான்.

காலையில் இன்ஜின் நன்றாக ஆறிக் கிடந்தபோதே தொடங்கினேன். முதலில் பேட்டரியின் கருப்பு வயரைக் கழற்றினேன். பேட்டரி, ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், காற்று இழுக்கிற வாய், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன். கீழே பழைய தகரத் தட்டு, அழுக்கு சாக்கடைக்குப் போய்விடாமல். பிறகு காய்ந்த பிரஷ்ஷால் உதிர்வதை எல்லாம் உதிர்த்தேன். அதற்கப்புறம்தான் திரவம், அதுவும் காய்வதற்குள் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக.

ஜன்னலிலிருந்து நேர்முக வர்ணனை. "இப்படித் தடவிக்கிட்டிருந்தா எப்ப முடியும்? ஹோஸைப் போட்டு அடி!" தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற கை. அதற்கு ஓங்கி அடிப்பது ஒன்றுதான் தெரியும்.

பாதி முடிந்திருந்தது. அடியிலிருந்து வெள்ளி நிற உலோகம் எட்டிப் பார்த்தது, எனக்கே பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்து இறங்கினான், சிநேகிதன் கடையிலிருந்து பிரஷர் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு. அண்ணன் போன் போட்டு வரவழைத்திருக்கிறார்.

"தள்ளுங்க அண்ணி. அஞ்சே நிமிஷம்."

"இதுல கை வெச்சே, நடக்கறதே வேற" என்றேன். பம்ப்பைக் கீழே வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றான். நம்பினேன் பாருங்கள். தங்கையின் போன் வந்தது, உள்ளே போனேன். குழாயை எப்போது எடுப்பார்கள் என்று தெரியவில்லையாம், அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் வெளியே பம்ப் இரைச்சல்.

ஓடி வந்து பார்த்தால் பைகளை எல்லாம் பிய்த்து எறிந்திருக்கிறான். "அழுக்கே அதுக்கு அடியிலதானே அண்ணி இருக்கு!" ஜன்னலிலிருந்து இவர்: "அந்த மூலையில அடிடா, அந்த மூலையில!"

வயரை மாட்டிச் சாவி திருப்பினேன். லொட லொடவென்று சுற்றியது. பற்றவில்லை. மறுபடியும் பற்றவில்லை. கொழுந்தன் பம்ப்பைச் சுருட்டிக்கொண்டு, ஏதோ வேலை இருப்பதாக முணுமுணுத்தபடி மறைந்துவிட்டான்.

ஏன்டா, உங்களுக்கு என்னதான்டா கேடு? ஒருத்தி ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சா கண்ணு பொறுக்காதா? அங்க அவ உடம்புல குழாயோட எனக்காக உக்காந்திருக்கா. வியாழக்கிழமை நான் எதுல போவேன்? உங்க ரெண்டு பேர் முதுகுல ஏறியா போவேன்?

மார்ச் 9, ஞாயிறு

 இவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்தேன்.

மெக்கானிக் போனில் வழி சொன்னார். பிளக் வயர்களைக் கழற்றினால் குழிகளில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. துணித் திரியை விட்டு உறிஞ்சி எடுத்தேன். பானெட்டைத் திறந்து போட்டு நாள் முழுக்க வெயில் காட்டினேன். ஞாயிறாயிற்றே, எண்ணெய் நாள். இவர் ஜன்னலோரம் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். வர்ணனை இல்லை.

சாயங்காலம் சாவி திருப்பினேன். இரண்டு தடவை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். ஜன்னலுக்குத் தெரியாது.

அணைத்துவிடாமல் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமான உலோகத்தில் பளிச்சென்று தெரிந்தது: ஆயில் ஊற்றுகிற மூடிக்கு அடியிலிருந்து மெல்லிய கோடாக வழிந்து, பின்பக்கமாக இறங்கி, சூடான குழாயில் சொட்டுகிறது. இன்ஜினை அணைத்து, ஆறியதும் மூடியைக் கழற்றினேன். ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறத்தில் என்னமோ. உற்றுப் பார்த்தேன். செருப்பு. ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டு.

மார்ச் 10, திங்கள்

"என்னங்க இது?"

"வளையம் தொலைஞ்சு போச்சு. அளவா வெட்டிப் போட்டேன். இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துச்சு?"

அந்தச் செருப்பின் மிச்சம் இன்னும் பரணில் இருக்கிறதாம், அடுத்த தேவைக்கு. பத்திரமாக.

மார்ச் 11, செவ்வாய்

மெக்கானிக் புது வளையம் போட்டார், ஊறிப் போன குழாய்களை மாற்றினார். நீலத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்திருப்பேன், வெட்டியது அடுத்த வீட்டுப் புருஷனாக இருந்திருந்தால்.

மார்ச் 13, வியாழன்

போகும்போது பாதி வழியில் நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது. திரும்பும்போதும் அதே இடத்தில் நிறுத்தினேன். தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கை, "என்னக்கா, என்னை அப்படிப் பாக்கறே?" என்றாள். சும்மாதான் என்றேன். அவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வாரம் முழுக்கவே பயந்துதான் கிடந்தேன், வண்டிக்காக மட்டும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

எண்ணெய் நாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு இவர் குளியலறையிலிருந்து வருகிறார், கையில் பாட்டில். திருந்தாத ஜென்மம். வாசல் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கட்டும் என்று வசவுகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

வாசலுக்குப் போகவில்லை. தங்கை படுத்திருக்கும் அறைப் பக்கம் வந்து, உள்ளே வராமல் நிலையோரமே நின்றார். "அவளால கையைத் தூக்க முடியலை போல இருக்கு. தலை காஞ்சு போய்க் கிடக்கு. நீ வெச்சு விடேன்." பாட்டிலை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

தயாராக வைத்திருந்ததை எல்லாம் எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

அவளைக் கட்டிலோரம் உட்காரவைத்து எண்ணெய் வைத்துவிட்டேன். மருத்துவமனைக்குப் போனதிலிருந்து சரியாக வாராத தலை. சிக்கெடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே பானெட் திறக்கிற சத்தம் கேட்டது.

"மாமா என்னக்கா பண்றார்?"

"சும்மா பாத்துக்கிட்டு நிப்பாரு. தொடமாட்டாரு."

காய்ந்த தலை, அரை பாட்டில் எண்ணெய் இழுத்தது.