வெள்ளியும் அமாவாசையும் முட்டையும்

ஆனி, ஞாயிறு

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. லைப்ரரியில் கோடிங் கிளாஸ், மூன்றாவது வாரம். ஃபேன் ஓடவில்லை. வகுப்பில் நான்தான் மூத்தவள், மற்றதெல்லாம் காலேஜ் பிள்ளைகள். இருக்கட்டும்.

இன்று ‘இஃப்’. இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதை. அட, கேன்டீனில் நாள் முழுக்க நான் போடும் சத்தமே இதுதானே. ஆள் கூடினால் பருப்பைக் கூட்டு, கம்பெனி பஸ் லேட் என்றால் அடுப்பைக் குறை. இத்தனை வருடமும் பெயர் தெரியாமல் கோடிங்தான் செய்திருக்கிறேன். வீடு வரும்வரை சிரிப்பு.

முட்டைத் தலைவலி மட்டும் தீரவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு தட்டு மீந்ததற்கு நேற்று கான்ட்ராக்டர்: “இன்னொரு தபா மீந்துச்சுன்னா மெனுவுலேர்ந்தே தூக்கிடுவேன்.” ஹாஸ்டலில் தங்கிக் கம்பெனி வேலைக்கு வரும் பெண்களை நினைத்தால் பகீர் என்கிறது. சத்தாக அவர்கள் வயிற்றில் விழுவது மதியம் அந்த ஒரு முட்டைதான்.

முடிவு: முட்டைக்கு ஒரு புரோகிராம்.

திங்கள்

மேஜை மேஜையாகக் கேட்டாயிற்று. பாதிப் பேர் விரதக்காரர்கள். வெள்ளியும் அமாவாசையும் கிருத்திகையும் முட்டை தொடமாட்டார்கள். பள்ளிப்பட்டுப் பெண்கள், திருத்தணி முருகனை விட்டுக்கொடுப்பார்களா.

கூடச் சமைக்கும் மேரிக்கு ஒரே சிரிப்பு. “முட்டை அவிக்கறதுக்கு கம்ப்யூட்டராக்கா? இன்னா பேஜாரு இது.”

எழுதிவிட்டேன். போனிலேயே. எட்டே வரி. காலண்டர் பார்த்து விரத நாட்களை ஏற்றினேன். தேதியும் ஆள் கணக்கும் போட்டால் எத்தனை முட்டை என்று சொல்கிறது. சொல்கிறது!

செவ்வாய்

சொன்னபடியே சரி. ஒன்றுகூட மீதி இல்லை. தலைகால் புரியவில்லை. மேரி போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். நாளை அமாவாசை, வீட்டில் படையல் முடித்துத்தான் போக முடியும். போன் சொல்வதை அப்படியே அவித்துவிடு என்று சொல்லியாயிற்று.

புதன்

எழுதவே கை வரவில்லை. நான் போவதற்குள் மொத்தப் பேருக்கும் முட்டை வெந்து கிடக்கிறது. பாதி அப்படியே மீதி. மேரியைச் சொல்லிக் குற்றமில்லை. சர்ச்சுக்குப் போகிறவள், அமாவாசை அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? போன் சொன்னது, அவித்தாள்.

கான்ட்ராக்டர்: “நாளைலேர்ந்து முட்டை கட்.”

கை கழுவும் இடத்தில் ஹாஸ்டல் பெண் ஒருத்தி: “நீயே எங்க வாயில மண்ணு போட்டுட்டியேக்கா.”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

வியாழன்

முட்டை இல்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எட்டு வரியையும் சத்தமாகப் படித்தேன். ஐந்தாவது வரியில் மாட்டியது. வெள்ளியும் அமாவாசையும் கிருத்திகையும். உம், உம், உம். ‘உம்’ என்றால் ‘அண்ட்’ என்று போட்டிருக்கிறேன். மூன்றும் ஒரே நாளில் வந்தால்தான் குறைப்பேன் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு நாள் வருவதற்குள் எனக்கே பணி ஓய்வு.

‘ஆர்’ போட்டேன், ‘அல்லது’. மூன்றில் எது வந்தாலும். நேற்றைய தேதி கொடுத்துப் பார்த்தேன். பாதி! கத்திய கத்தில் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

பிறந்ததிலிருந்து ‘உம்’ போட்டுத்தான் பேசுகிறேன். எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார், அதனால் என்ன சொல்கிறோம் என்று நின்று பார்த்ததே இல்லை. மெஷின் நிறுத்திக் கேட்கிறது. இதையா இன்ஜினியருக்கு மட்டும் என்று விட்டுவைத்தோம்? எல்லோரும் படிக்கணும். மேரி, கான்ட்ராக்டர், முதலில் இந்த மனுஷன். ‘இதோ வரேன்’ என்றால் எத்தனை நிமிடம் என்று அது கேட்கட்டும்.

வெள்ளி

காலையில் கான்ட்ராக்டர் முன்னால் போய் நின்றேன். தப்பு எந்த வரியில் என்று காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ. “இன்னிக்கி ஒரு நாள். மீந்துச்சுன்னா கோடிங்கும் வாணாம் கீடிங்கும் வாணாம்.”

போன் சொன்ன எண்ணிக்கைதான் அவித்தோம். சாப்பாடு முடிந்ததும் நேராக வந்து தட்டைப் பார்த்தார். ஒரே ஒரு முட்டை கிடக்கிறது.

“இது இன்னா?”

மேரி முந்திக்கொண்டாள். “உங்களுது சார். வெள்ளிக்கிழமை துண்ணுவீங்களா மாட்டீங்களான்னு அக்கா உங்கள கேக்கவே இல்ல. அதான் சேத்துக்கினோம்.”

படுபாவி, எங்கிருந்து பிடித்தாளோ.

அவர் மேஜையில் தட்டி உடைத்தார். உப்பு கேட்டார். நின்றபடியே சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நாளிக்கி எத்தினின்னு பாத்து சொல்லு.”