ஒரு அளவு சின்னது

அன்புள்ள அக்கா,

நேத்து கல்யாண மோதிரம் எடுத்தாச்சு. அவர் நல்லவர்தான், நீ கவலைப்படாதே.

கடைக்காரம்மா என்கிட்டதான் விரல் அளவு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவர், "ஒரு அளவு சின்னதாவே குடுங்க, அப்பதான் கழட்ட முடியாது"ன்னார். அங்கேயே போட்டும் விட்டார். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நர்ஸுங்க மோதிரம் போடக்கூடாதே, தினமும் கழட்டணுமேன்னு இழுத்தேன். "அதுக்கென்ன, வேலையை விட்டாப் போச்சு"ன்னு சிரிச்சார். கூட வந்திருந்த அம்மாவும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். கடைக்காரம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க.

மண்டபம், சாப்பாடு, என் புடவை நிறம்கூட அவரே முடிவு பண்ணிட்டார். எனக்கு ஒரு வேலையும் இல்லை. எவ்வளவு நிம்மதி, பாரேன்!

புருஷனை விட்டுட்டு வந்தவ கல்யாணத்துக்கு வர வேண்டாம்னு உன்னைப் பத்தி அவர் சொன்னதை மனசுல வெச்சுக்காதே.

வீட்டுக்கு வந்து சும்மா கழட்டிப் பார்த்தேன். சோப்பு போட்டேன், எண்ணெய் தடவினேன். வரலை. விரல்தான் வீங்கிப்போச்சு. "இப்ப எதுக்குடி கழட்டுறே?"ங்கிறாங்க அம்மா.

அக்கா, உன்னோடதை நீ எப்படிக் கழட்டினே?

பதிலை வீட்டுக்குப் போடாதே, ஆஸ்பத்திரிக்குப் போடு. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் அங்கே இருப்பேன்.

உன் தங்கச்சி