நடுவில் நிற்க ஓர் ஆள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் நலம் நீ எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். கண்ணிவெடி அகற்றும் பிரிவைப் பற்றி வானொலியில் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாத நாளெல்லாம் நல்ல நாள் என்று அம்மா வைத்துக்கொண்டிருக்கிறாள். காலில் இருந்த புண் ஆறிவிட்டதா?

உன் அறை ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. எதிர்வீட்டுத் தையற்காரர் இன்னும் அட்டை ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு தைக்கிறார். "தம்பி வந்ததும் ஜன்னலைக் கொஞ்சம் எங்க பக்கம் திருப்பி வைக்கச் சொல்லும்மா" என்று கேலி செய்கிறார். உன்னை எதிர்பார்க்காதவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை.

பன்னாட்டு அமைதிப்படையில் நம் நாடு சேரப்போகிறதா, சேர்ந்தால் உங்களை வீட்டுக்கு விடுவார்களா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் காகிதம் காகிதமாகக் கிழித்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். சபையில் சுருக்கெழுத்தாளர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக மாறுவோம். ஒருவர் பேச்சின் தொடக்கமும் முடிவும் எனக்குச் சேர்ந்து கிடைப்பதே இல்லை. எது காதில் விழுந்தாலும் முகம் மாறக்கூடாது. எனக்கு அது சுலபம். வாயில்லாப் பூச்சி என்று எனக்குப் பெயர் வைத்தவன் நீதானே! ஆனால் நேற்று என் முறையில் பாதுகாப்பு அமைச்சர் எழுந்து, சேர்ந்தால் முதலில் யாரை அனுப்புவோம் என்று சொன்னார். உங்கள் பிரிவை. என் முகம் மாறவில்லை. கை நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் என் தாளில் இல்லை.

அப்படி விட்டுப்போனால் பேசியவரிடமே கேட்டு நிரப்ப வேண்டும். அமைச்சர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "அப்புறம் என்னம்மா சொன்னேன் நான்? ஞாபகமே இல்லையே. நல்லதா நாலு வார்த்தை நீயே போட்டுடு" என்று சிரித்தார். கெட்டவர் இல்லை, அண்ணா. தூங்கிப் பல நாளான முகம். உன்னை எத்தனை காலத்துக்கு அனுப்பப் போகிறார் என்று அவர் வாயால் சொன்னது அவருக்கே நினைவில்லை.

எனக்கு அடுத்த முறைக்காக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு, சபையில் அவர் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. "ரெண்டு வருஷம்னாருடி" என்றாள் மெதுவாக. ஒரு வருடம் என்று நான் தட்டச்சு செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு என்றே அடித்தேன்.

அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன். அதற்கே தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "நமக்கு யாரு வந்தாங்க? ஒருத்தன் வந்தானா? அப்ப எம்பிள்ளை மட்டும் எதுக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது அப்பாவை நினைத்து. இங்கே சண்டை நடந்தபோது நீ எல்லையில் இருந்தாய். உனக்கு நாங்கள் முழுதாகச் சொன்னதில்லை. குண்டடிபட்ட அப்பாவைக் கதவுப் பலகையில் கிடத்திப் பாலம் வரை தூக்கிப் போனோம். எதிர்க்கரையில் ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமிருந்தும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். "யாராவது வர்றாங்களான்னு பாரும்மா" என்றார் அப்பா. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கேட்பதை நிறுத்திய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அந்தப் பாலம்தான் கண்ணில் நிற்கிறது. ஆனால் அம்மா மாதிரி என்னால் கேட்க முடியவில்லை. அன்றைக்கு நடுவில் நிற்க ஓர் ஆள் இருந்திருந்தால் என்றுதான் தோன்றுகிறது. அந்த ஆளுக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும். அவன் போகக் கூடாது என்று ஒரு தங்கை தவித்திருப்பாள்.

நாளை வாக்கெடுப்பு. கை தூக்குகிறவர்களை எண்ணிச் சொல்லும்போது எழுதப்போவது நானா, அக்காவா என்று தெரியாது. அங்கே எனக்கு ஓட்டு இல்லை. இருந்திருந்தால், சேரலாம் என்றுதான் கை தூக்கியிருப்பேன். எழுதிவிட்டேன். அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

அண்ணா, மண்ணைப் பார்த்துப் பார்த்துக் கால் வை. யார் அவசரப்படுத்தினாலும் காதில் வாங்காதே. நாளை முடிவு எதுவானாலும் சரி, ஒருநாள் உன் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆசை தீர என்னைத் திட்டு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். திட்டுவதற்காகவாவது வந்துவிடு.

உன்,
வாயில்லாப் பூச்சி